பேருக்குக் குடுக்காதீங்க, குரூப்புக்குக் குடுங்க: ஆபீஸ் ஷேர்டு ஃபோல்டர் பர்மிஷன் முதல்லேர்ந்து

"அண்ணா, காஸ்டிங் ஃபோல்டர் எனக்கு ஓப்பன் ஆக மாட்டேங்குதுங்க, பக்கத்து சீட் அக்காவுக்கு மட்டும் ஆகுது."

சின்ன ஆபீஸ்ல சிஸ்டம் பாத்துக்குற யாரைக் கேட்டாலும் வாரத்துக்கு நாலு தடவை இந்த போன் வருதுன்னு சொல்லுவாங்க. போன் வந்ததும் நம்மள்ல முக்கால்வாசி பேர் என்ன பண்றோம், சர்வர்ல போயி அந்த ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி டேப், அந்தப் பொண்ணு பேரை ஆட் பண்ணி ஃபுல் கன்ட்ரோல்ல ஒரு டிக், ஓகே. ரெண்டே நிமிஷம், அவங்களும் தேங்க்ஸ் அண்ணான்னு வெச்சிடுவாங்க. அந்த ரெண்டு நிமிஷ வேலை அஞ்சாறு வருஷம் சேர்ந்தா என்ன ஆகும்னு நான் நேர்ல பாத்திருக்கேன், அதனாலதான் புதுசா இந்த வேலைக்கு வர்றவங்களுக்காக இதை உக்காந்து எழுதுறேன்.

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி, சுமார் நாப்பது கம்ப்யூட்டர் இருக்கும், ஒரே ஒரு விண்டோஸ் சர்வர். அதைப் பாத்துக்குற பொறுப்பு எனக்கு வந்தப்ப முதல் வேலையா ஃபோல்டர் ஒவ்வொண்ணோட செக்யூரிட்டி டேபையும் திறந்து பாத்தேன். எல்லாம் ஆளுங்க பேரு. ஒரு ஃபோல்டர்ல இருபது பேர், இன்னொண்ணுல முப்பது பேர், அதுல பாதிக்கு மேல பேரே இல்லாம எஸ்-1-5-21ன்னு ஆரம்பிக்கிற நீள நம்பரா நின்னுச்சு, ஏன்னா அந்த ஆளுங்க எல்லாம் வேலையை விட்டுப் போயி அக்கவுண்டும் டெலிட் ஆயிடுச்சு, ஃபோல்டர்ல மட்டும் அவங்க தடம் மிச்சம். அது கூட பரவாயில்ல. ஹெச்ஆர்ல இருந்து ஷிப்பிங்குக்கு மாறின ஒரு தம்பிக்கு இன்னமும் எல்லாரோட சம்பள ஷீட்டும் ஓப்பன் ஆச்சு, அவன் மாறி ஒன்றரை வருஷம் ஆயிருந்துச்சு. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல, அவன் பேரை அன்னைக்கு சேர்த்தவருக்கு எடுக்கணும்னு ஞாபகம் வர ஒரு வழியும் இல்ல, அவ்வளவுதான்.

சரி, அடிப்படையிலேர்ந்து வருவோம்.

ஃபைல் சர்வர்ங்கறது பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல, ஆபீஸ்ல எல்லாரும் பொதுவா வெச்சுக்குற பீரோ. எக்செல் ஷீட், பேக்கிங் லிஸ்ட், பையர் அனுப்பின டெக் பேக், பி.ஓ. காப்பி எல்லாம் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல கிடக்காம ஒரே இடத்துல இருக்கும், நெட்வொர்க் வழியா எல்லாரும் எடுப்பாங்க, ராத்திரி ஒரே இடத்துலேர்ந்து பேக்கப் போகும். பொது பீரோன்னு வந்துட்டாலே எந்தத் தட்டை யாரு தொடலாம்ங்கற கேள்வி வந்துடும், அந்தக் கேள்விக்கு பதில் எழுதி வெக்கறதுதான் பர்மிஷன்.

எழுதி வெக்கறதுன்னு சும்மா சொல்லல, நிஜமாவே ஒவ்வொரு ஃபோல்டரோட சேர்த்தும் ஒரு லிஸ்ட் டிஸ்க்ல இருக்கு. இந்த ஆளுக்கு இது அலவ், அந்த ஆளுக்கு அது டினைன்னு வரி வரியா இருக்கும். இதை வெச்சுக்கத் தெரிஞ்ச டிஸ்க் ஃபார்மட்தான் என்டிஎஃப்எஸ், 1993ல விண்டோஸ் என்டி 3.1 கூட வந்தது. நம்ம பென்டிரைவ் ஃபேட்32ல இருந்தா அதுல செக்யூரிட்டி டேபே வராது, ஏன்னா அந்த லிஸ்டை எழுத அதுல இடமே கிடையாது. லிஸ்ட்ல உங்க பேரு எழுதியிருக்கற மாதிரி ஸ்க்ரீன்ல தெரியும், உண்மையில உள்ள இருக்கறது எஸ்ஐடிங்கற ஒரு நம்பர். ஒரே தெருவுல ரெண்டு முருகேசன் இருந்தாலும் ரேஷன் கார்டு நம்பர் வேறதானே, அது மாதிரி. ஒரு யூசரை டெலிட் பண்ணிட்டு அதே பேர்ல மறுபடி புதுசா உருவாக்கினாலும் பழைய பர்மிஷன் திரும்ப வராது, நம்பர் மாறிடுச்சுல்ல. மேல சொன்னேனே நீள நீள நம்பரா நின்னுச்சுன்னு, அது இந்த நம்பருக்குச் சொந்தக்காரர் யாருன்னு சர்வருக்கே தெரியாம போனதோட அடையாளம்.

இப்ப குரூப். கல்யாண மண்டபத்துல ஸ்டோர் ரூம் ஒண்ணு இருக்கும், அரிசி, எண்ணெய், காய்கறி எல்லாம் அங்கதான். வாசல்ல நிக்கறவர் கையில "கந்தசாமி, பழனி, செல்வி இவங்களை மட்டும் உள்ள விடு"ன்னு சீட்டு எழுதிக் குடுத்தா, சாயந்திரம் பழனி போயி வேற ஆள் வந்ததும் சீட்டை மாத்தணும். ஸ்டோர் ரூம் ஒண்ணுன்னா பரவாயில்ல, சமையல்கட்டு, பாத்திர ரூம், கேஸ் ரூம்னு ஏழெட்டு வாசல் இருந்தா எல்லாச் சீட்டையும் தேடிப் போயி மாத்தணும், ஒண்ணு விட்டுப் போச்சுன்னா போனவன் திரும்ப வந்து உள்ள போலாம். அதுக்கு பதிலா சீட்டுல "சமையல் ஆளுங்க"ன்னு ஒரே வார்த்தை எழுதிட்டா வாசல்ல இருக்கற சீட்டை ஆயுசுக்கும் தொட வேண்டாம். யாரு சமையல் ஆளுங்கறதை சமையல் மாஸ்டர் தன்கிட்ட ஒரு லிஸ்ட்ல வெச்சுப்பாரு, ஆள் மாறினா அந்த ஒரு இடத்துல மாத்தினா போதும்.

அந்த "சமையல் ஆளுங்க"தான் குரூப். ஃபோல்டர்ல எழுதற பேரு ஆளோட பேரா இருக்கக் கூடாது, அந்த வேலையோட பேரா இருக்கணும். இந்த ஒண்ணை மட்டும் புடிச்சுக்கிட்டீங்கன்னா மீதி எல்லாம் கிளிக் பண்ற வேலைதான்.

ரெண்டு வாசல்

புதுசா வர்றவங்க ரொம்பக் குழம்புற இடம் இது, கொஞ்சம் நின்னு பாப்போம். நெட்வொர்க் வழியா ஒரு ஃபோல்டருக்குள்ள போறதுக்கு ரெண்டு வாசல் தாண்டணும். முதல்ல மண்டபத்து கேட், அது ஷேர் பர்மிஷன். அடுத்து உள்ள இருக்கற ரூம் கதவு, அது என்டிஎஃப்எஸ் பர்மிஷன். கேட்ல விட்டாங்கன்னு ரூம் திறக்காது, ரூம் சாவி கையில இருந்தாலும் கேட் பூட்டியிருந்தா பிரயோஜனம் இல்ல. ரெண்டுல எது கம்மியா அனுமதிக்குதோ அதுதான் கடைசில நமக்குக் கிடைக்கும்.

இதை ஒரு தடவை அனுபவிச்சா மறக்காது. விண்டோஸ் சர்வர் 2003லேர்ந்து புதுசா ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணினா ஷேர் பர்மிஷன்ல எவ்ரிஒன், ரீட் மட்டும்னுதான் தானா வரும் (அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஃபுல் கன்ட்ரோல்னு வந்துச்சு, மாத்தினது ரொம்ப நல்லது). நீங்க செக்யூரிட்டி டேப்ல போயி மெர்ச்சன்டைசிங் டீமுக்கு மாடிஃபை (படிக்க, எழுத, டெலிட் பண்ண உரிமை) குடுத்திருப்பீங்க, சர்வர்லயே உக்காந்து டெஸ்ட் பண்ணினா சேவ் ஆகும், ஏன்னா நேரா சர்வர்ல உக்காந்தா கேட் வழியா வரவே இல்ல, ஷேர் பர்மிஷன் அங்க வேலை செய்யாது. அவங்க சீட்லேர்ந்து சேவ் பண்ணினா ஆக்சஸ் டினைட்னு வரும். கேட்ல ரீட் மட்டும்னு இருக்கு, கதவுல மாடிஃபை, கம்மியானது ரீட், அதான் கிடைக்கும். எத்தனையோ பேர் இதுல அரை நாள் தொலைச்சிருக்காங்க. அதனால டெஸ்ட் எப்பவும் யூசரோட கம்ப்யூட்டர்லேர்ந்து, யூசரோட லாகின்ல பண்ணுங்க.

கேட்ல என்ன வெக்கலாம்னா, நான் வெக்கறது அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்புக்கு ஃபுல் கன்ட்ரோல், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்க்கு (லாகின் பண்ணி வந்த எல்லாருக்கும்) சேஞ்ச், அதாவது படிக்க, எழுத, டெலிட் பண்ண. உண்மையான கட்டுப்பாடு எல்லாத்தையும் ரூம் கதவுல, அதாவது என்டிஎஃப்எஸ்ல வெச்சுக்கறது. ரெண்டு இடத்துலயும் தனித்தனியா விதி எழுதினா ஆறு மாசம் கழிச்சு எது எங்கன்னு நமக்கே புரியாது. எல்லாருக்கும் ஃபுல் கன்ட்ரோலே குடுத்துடலாம்னு நிறைய பேர் சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஏன்னா ஒரு ஃபைலை உருவாக்கினவர்தான் அதோட ஓனர், ஓனருக்கு அந்த ஃபைலோட பர்மிஷனையே மாத்தற உரிமை சாதாரணமா உண்டு, கேட்ல சேஞ்ச்னு நிறுத்திட்டா நெட்வொர்க் வழியா வந்து அதைப் பண்ண முடியாது.

எதைக் குடுக்கறது

செக்யூரிட்டி டேப்ல ஆறு வரி வரும், பயப்பட வேண்டாம், நமக்கு தினமும் வேணுங்கறது ரெண்டுதான். படிக்க மட்டும்னா ரீட் அண்ட் எக்ஸிக்யூட். வேலை செய்யணும்னா மாடிஃபை. ஃபுல் கன்ட்ரோலை அட்மினுக்கும் சிஸ்டத்துக்கும் (விண்டோஸோட சொந்த அக்கவுண்ட்) தவிர யாருக்கும் குடுக்காதீங்க, முதலாளி கேட்டாலும் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க, மாடிஃபையே அவருக்கு வேணுங்கறது அத்தனையும் பண்ணும். ஃபுல் கன்ட்ரோல்ல கூடுதலா வர்றதுல முக்கியமானது ரெண்டு, பர்மிஷனை மாத்தறது, ஓனர்ஷிப்பை எடுத்துக்கறது. ஒரு இடத்துல ஃபுல் கன்ட்ரோல் வெச்சிருந்த ஒருத்தங்க தன் ஃபோல்டரை பத்திரமா வெக்கணும்னு நெனச்சு மத்த எல்லாரையும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க, அட்மினையும் சேர்த்து. அட்மின் ஓனர்ஷிப் எடுத்து சரி பண்ணிக்கலாம், அந்த வழி எப்பவும் இருக்கும், ஆனா அன்னைக்கு ஷிப்மென்ட் பேப்பர் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல.

இன்னொண்ணு, டெலிட் பண்ணிடுவாங்கன்னு பயந்து மாடிஃபைக்கு பதிலா ரீட், ரைட் ரெண்டு மட்டும் குடுக்கலாமான்னு தோணும். எனக்கும் தோணுச்சு. எக்செல் சேவ் பண்றப்ப நேரா அதே ஃபைல் மேல எழுதாது, டெம்ப் ஃபைல் ஒண்ணுல எழுதிட்டு பழசை எடுத்துட்டு புதுசுக்கு அந்தப் பேரை வெக்கும், அதனால டெலிட் உரிமை இல்லாத ஃபோல்டர்ல சேவ் பண்ணினா எர்ரர் வரும், ஃபோல்டர் பூரா குட்டி குட்டி டெம்ப் ஃபைலா சேரும். டெலிட் பயத்துக்கு மருந்து பேக்கப்பும் ஷேடோ காப்பியும்தான் (ஃபைலோட பழைய நிலையை சர்வரே அப்பப்ப எடுத்து வெக்கறது), அதை பர்மிஷன்ல தேடாதீங்க.

ஒருத்தர் ரெண்டு மூணு குரூப்ல இருந்தா? எல்லாம் கூடும். ஒரு குரூப் வழியா ரீட், இன்னொண்ணு வழியா மாடிஃபைன்னா அவருக்கு மாடிஃபை. ஷேருக்கும் என்டிஎஃப்எஸ்க்கும் நடுவுல கம்மியானது, என்டிஎஃப்எஸ்க்குள்ள குரூப்புங்களுக்கு நடுவுல கூட்டினது, இந்த ரெண்டையும் கலந்துக்காதீங்க.

டினை பத்தி ஒரு வார்த்தை, தொடாதீங்க. காஸ்டிங் ஷீட்டை ப்ரொடக்ஷன்காரங்க பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, பையர்கிட்ட என்ன ரேட் பேசறோம்ங்கறது அதுல இருக்கு, நியாயமான விஷயம். நான் ப்ரொடக்ஷன் குரூப்புக்கு அங்க டினை போட்டேன். மறுநாள் ப்ரொடக்ஷன் மேனேஜர் போன் பண்றாரு, அவருக்கு காஸ்டிங் ஓப்பன் ஆகல. அவர் ப்ரொடக்ஷன் குரூப்லயும் இருக்காரு, காஸ்டிங் பாக்கறவங்க குரூப்லயும் இருக்காரு, ஒரே ஃபோல்டர்ல அலவும் டினையும் நேரா மோதினா டினைதான் ஜெயிக்கும். இதுல நான் புரிஞ்சுக்க வேண்டியிருந்தது என்னன்னா, டினையே தேவையில்ல. லிஸ்ட்ல பேரே இல்லாதவங்களுக்கு உள்ள இடம் கிடையாது, அதுதான் என்டிஎஃப்எஸ்ஸோட இயல்பு. ப்ரொடக்ஷன் குரூப்பை அந்த லிஸ்ட்லேர்ந்து எடுத்திருந்தாலே வேலை முடிஞ்சது. டினை இன்னும் கொஞ்சம் சிக்கல் பண்ணும், மேல் ஃபோல்டர்லேர்ந்து இறங்கி வந்த டினையை கீழ நேரா குடுத்த அலவ் தோக்கடிச்சிடும், அதனால பாதுகாப்புன்னு நம்பிப் போட்ட டினை வேலையே செய்யாம கிடக்கும், நமக்குத் தெரியாது.

மேலேர்ந்து கீழ இறங்கறது

மேல் ஃபோல்டர்ல எழுதின விதி உள்ள இருக்கற எல்லா ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் தானா இறங்கும், இன்ஹெரிட்டன்ஸ்னு பேரு. இது இல்லன்னா லட்சம் ஃபைலுக்கு ஒவ்வொண்ணா எழுதணும், அதனால இது நமக்கு நல்ல துணை. ஆனா எங்க வேணா இடையில வெட்டலாம்ங்கறதுதான் ஆபத்து. நாலாவது லெவல்ல ஒரு ஃபோல்டரை மட்டும் வெட்டி தனி பர்மிஷன் வெச்சா அது மேலேர்ந்து பாத்தா தெரியாது, மறந்து போகும். நான் வெச்சுக்கற வழக்கம், பர்மிஷன் மாறுறது முதல் லெவல்ல, தவிர்க்கவே முடியலன்னா ரெண்டாவது லெவல்ல, அதுக்குக் கீழ எதுவும் கிடையாது. ஹெச்ஆருக்குள்ள சம்பளம் மட்டும் ரெண்டு பேர் பாக்கணும்னா சம்பளம்ங்கற ஃபோல்டரை வெளிய எடுத்து முதல் லெவல்லயே தனியா வெச்சிடுங்க. ஃபோல்டர் அமைப்பை பர்மிஷனுக்கு ஏத்த மாதிரி வளைக்கறது, பர்மிஷனை ஃபோல்டருக்குள்ள நுழைச்சு நுழைச்சு வெக்கறதை விட ஆயிரம் மடங்கு நல்லது.

அட்வான்ஸ்டு ஸ்க்ரீன்ல கீழ ஒரு சின்ன டிக் பாக்ஸ் இருக்கும், உள்ள இருக்கற எல்லாத்தோட பர்மிஷனையும் அழிச்சிட்டு இங்க இருக்கறதை வெச்சிடவான்னு கேக்கும். டாப் ஃபோல்டர்ல இதை டிக் பண்ணினா உள்ள தனியா வெட்டி வெச்ச ஃபோல்டர் எல்லாம் ஒரே நிமிஷத்துல திறந்துக்கும், அன்டூ கிடையாது. பெருசா எதையாவது மாத்தறதுக்கு முன்னாடி ஐகேக்கில்ஸ்னு விண்டோஸோடயே வர்ற கமாண்ட்ல சேவ் ஆப்ஷன் போட்டு இப்ப இருக்கற லிஸ்ட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எடுத்து வெச்சுக்குங்க, தப்பாச்சுன்னா ரீஸ்டோர் ஆப்ஷன்ல திரும்ப வெச்சிடலாம்.

நிஜமா எப்படி அமைக்கறது

டொமைன் (எல்லாரோட லாகினையும் ஒரே இடத்துலேர்ந்து சர்வர் பாத்துக்குற அமைப்பு) இருக்கற ஆபீஸ்னு வெச்சுப்போம். டி டிரைவ்ல டேட்டான்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மெர்ச்சன்டைசிங், காஸ்டிங், ப்ரொடக்ஷன், ஷிப்பிங், ஹெச்ஆர், சம்பளம், பொதுன்னு ஏழு ஃபோல்டர். டேட்டாவை மட்டும் ஷேர் பண்ணுங்க, ஏழுக்கும் ஏழு ஷேர் வேண்டாம்.

டேட்டா ஃபோல்டர்ல முதல்ல இன்ஹெரிட்டன்ஸை வெட்டணும், ஏன்னா டிரைவ்லேர்ந்து யூசர்ஸ்ங்கற குரூப் இறங்கி வந்திருக்கும், அதுல ஆபீஸே அடக்கம். வெட்டறப்ப இருக்கறதை காப்பி பண்ணிக்கவான்னு கேக்கும், ஆமான்னு சொல்லிட்டு அப்பறம் யூசர்ஸையும் கூட இறங்கி வந்த மத்ததையும் எடுத்துடுங்க, சிஸ்டமும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸும் மட்டும் ஃபுல் கன்ட்ரோலோட நிக்கட்டும். அடுத்து டொமைன் யூசர்ஸ்க்கு ரீட் குடுங்க, ஆனா அப்ளைஸ் டூங்கற இடத்துல திஸ் ஃபோல்டர் ஒன்லின்னு மாத்திடுங்க. இதுக்கு அர்த்தம், எல்லாரும் முன் ஹாலுக்கு வரலாம், எந்த ரூமுக்குள்ளயும் இது இறங்காது. இந்த ஒரு செட்டிங் விட்டுப் போனா எல்லா ரூமையும் எல்லாரும் படிக்கலாம், அதனால ரெண்டு தடவை பாருங்க.

அப்பறம் குரூப்புங்க. ஆக்டிவ் டைரக்டரில (டொமைனோட ஆளுங்க, குரூப் லிஸ்ட் எல்லாம் இருக்கற இடம்) ரெண்டு அடுக்கா பண்ணச் சொல்லி மைக்ரோசாஃப்ட் ரொம்ப காலமா சொல்லிட்டு வர்ற முறை ஒண்ணு இருக்கு, ஏஜிடிஎல்பின்னு சுருக்கமா சொல்லுவாங்க. ஆளுங்க அக்கவுண்ட் எல்லாம் குளோபல் குரூப்ல, குளோபல் குரூப் டொமைன் லோக்கல் குரூப்ல, பர்மிஷன் டொமைன் லோக்கல் குரூப்புக்கு. கேக்கறதுக்கு சுத்தி வளைச்ச மாதிரி இருக்கும், நம்ம பாஷைல சொல்றேன். முதல் அடுக்கு ஆளு யாருங்கறது: ரோல்-மெர்ச்சன்ட், ரோல்-ஷிப்பிங், ரோல்-ஹெச்ஆர். ரெண்டாவது அடுக்கு எந்த ஃபோல்டர்ல என்ன பண்ணலாம்ங்கறது: காஸ்டிங்-எழுத, காஸ்டிங்-படிக்க, ஷிப்பிங்-எழுத. ஃபோல்டர்ல நீங்க ஒட்டறது ரெண்டாவது அடுக்கை மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. ரோல்-மெர்ச்சன்ட்டை காஸ்டிங்-எழுத குள்ள போடறீங்க, ஷிப்பிங்-படிக்க குள்ளயும் போடறீங்க, முடிஞ்சது.

நாப்பது பேர் ஆபீஸுக்கு ரெண்டு அடுக்கு எதுக்குன்னு நெறைய பேர் கேப்பாங்க. ஒரு அடுக்குலயும் ஓடும், தப்பில்ல. ஆனா ஆடிட்டர் வந்து "காஸ்டிங்கை யாரெல்லாம் மாத்த முடியும்"னு கேட்டா காஸ்டிங்-எழுத குரூப்பைத் திறந்து காட்டினா போதும், முதலாளி "புதுசா வர்ற மெர்ச்சன்டைசருக்கு என்னென்ன தெரியும்"னு கேட்டா ரோல்-மெர்ச்சன்ட் எந்தெந்த குரூப்ல மெம்பர்னு பாத்தா போதும். ரெண்டு கேள்விக்கும் சர்வரைத் தொடாமலே பதில் கிடைக்குது, இதுக்காகவே நான் எப்பவும் ரெண்டு அடுக்குதான் பண்றேன். டொமைனே இல்லாத சின்ன ஆபீஸ்னா சர்வர்லயே லோக்கல் குரூப் வெச்சுக்கலாம், அங்க ஒரு லோக்கல் குரூப்புக்குள்ள இன்னொரு லோக்கல் குரூப்பைப் போட முடியாது, அதனால ஒரு அடுக்கோட நிறுத்திக்குங்க.

இன்னும் ஒரு வசதி, ஆக்சஸ் பேஸ்டு எனுமரேஷன். பேரு பெருசு, வேலை சின்னது, யாருக்கு எந்த ஃபோல்டர்ல இடம் இல்லையோ அந்த ஃபோல்டர் அவங்க கண்ணுக்கே தெரியாது. ஷேர் செட்டிங்ல ஒரு டிக் போட்டா போதும். சம்பளம்னு ஒரு ஃபோல்டர் தெரிஞ்சு, கிளிக் பண்ணி, ஆக்சஸ் டினைட் வந்து, நம்மகிட்ட எதையோ மறைக்கறாங்கன்னு மனசுல ஒண்ணு விழறதுக்கு பதிலா தெரியாமலே இருக்கறது எல்லாருக்கும் நிம்மதி.

குரூப்ல சேர்த்தும் ஓப்பன் ஆகலயா

முதல்ல கேக்க வேண்டியது, லாக் ஆஃப் பண்ணிட்டு மறுபடி லாகின் பண்ணினாங்களா. காலைல லாகின் பண்றப்பவே இவர் எந்தெந்த குரூப்ல இருக்காருங்கற சீட்டு அவர் கையில ஒட்டிடும், நடுவுல நீங்க குரூப்ல சேர்த்தாலும் அந்தச் சீட்டு தானா மாறாது. ஸ்க்ரீனை லாக் பண்ணி திறந்தா பத்தாது, முழுசா வெளிய வந்து உள்ள போகணும். எடுத்து விடறப்பவும் இதே கதைதான், குரூப்லேர்ந்து நீக்கின ஆள் லாக் ஆஃப் பண்ற வரைக்கும் உள்ள இருக்கலாம், அவசரமா நிறுத்தணும்னா சர்வர்ல அவரோட ஓப்பன் செஷனை க்ளோஸ் பண்ணுங்க, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ண வைங்க. சந்தேகமா இருந்தா யூசர் கம்ப்யூட்டர்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஹூஆம்ஐ கமாண்டை குரூப்ஸ் ஆப்ஷனோட அடிச்சா இப்ப அவர் கைல இருக்கற சீட்டு அப்படியே தெரியும். சர்வர் பக்கம் அட்வான்ஸ்டு ஸ்க்ரீன்ல எஃபெக்டிவ் ஆக்சஸ்னு ஒரு டேப் இருக்கு, பேரைக் குடுத்தா அவருக்கு அந்த ஃபோல்டர்ல என்னென்ன பண்ண முடியும்னு காட்டும்.

அடுத்து ஒண்ணு, இது தெரியாம நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஒரே டிரைவ்குள்ள ஒரு ஃபைலை காப்பி பண்ணினா புது ஃபோல்டரோட பர்மிஷன் வரும், மூவ் பண்ணினா பழைய பர்மிஷனைத் தூக்கிட்டு வரும். பொது ஃபோல்டர்ல தயார் பண்ணின ஒரு லிஸ்டை கட் பண்ணி சம்பளம் ஃபோல்டர்ல பேஸ்ட் பண்ணினா, பாக்கறதுக்கு பூட்டின ரூமுக்குள்ள போயிடுச்சு, ஆனா ஃபைல் மேல இன்னமும் பொது ஆளுங்க படிக்கலாம்னு ஒட்டியிருக்கு. முழு பாத்தும் தெரிஞ்சவங்க நேரா அந்த ஃபைலைத் திறக்கலாம், நடு ஃபோல்டர்ல அனுமதி இருக்கான்னு விண்டோஸ் சாதாரணமா பாக்காது. ஹெச்ஆர்ல இருக்கறவங்ககிட்ட இதைச் சொல்லியே வைங்க, காப்பி பண்ணி ஒட்டிட்டு பழசை டெலிட் பண்ணுங்கன்னு.

லினக்ஸ் சர்வரா இருந்தா

நிறைய சின்ன ஆபீஸ்ல இப்ப நாஸ் பாக்ஸ்தான் (நெட்வொர்க்ல மாட்டற டிஸ்க் பெட்டி) இருக்கு, சினாலஜி, க்யூநேப் எல்லாம் உள்ள லினக்ஸ்தான், விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஷேர் காட்டறது சாம்பாங்கற சாஃப்ட்வேர். ஆஸ்திரேலியன் நேஷனல் யுனிவர்சிட்டில படிச்சுக்கிட்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992 வாக்குல ஆரம்பிச்சது அது, இன்னைக்கு உலகம் பூரா ஓடுது. இங்க பழைய முறைப்படி ஒவ்வொரு ஃபைலுக்கும் மூணே பங்கு: ஓனர், ஒரு குரூப், மத்தவங்க. படிக்க 4, எழுத 2, உள்ள போக 1, கூட்டினா 7. 770ன்னா ஓனருக்கும் குரூப்புக்கும் எல்லாம், மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல.

இதுல எல்லாரும் முட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. குரூப் எல்லாம் சரியா குடுத்திருப்பீங்க, ஒருத்தர் உருவாக்கின ஃபைலை இன்னொருத்தரால எழுத முடியாது. ரெண்டு காரணம். புது ஃபைல் ஃபோல்டரோட குரூப்பை எடுத்துக்காது, உருவாக்கினவரோட சொந்த குரூப்பை எடுத்துக்கும், அதை மாத்த ஃபோல்டர்ல செட்ஜிஐடி பிட் வெக்கணும், 770க்கு முன்னாடி ஒரு 2 சேர்த்து 2770. அப்பறம் யூமாஸ்க் (புது ஃபைல்லேர்ந்து எந்த உரிமையை வெட்டணும்னு சொல்ற நம்பர்) 022ன்னு இருந்தா புது ஃபைல்ல குரூப்போட எழுதற உரிமை வெட்டிப் போயிடும், 002ன்னு இருக்கணும். சாம்பா வழியா மட்டும் வர்றவங்களுக்கு யூமாஸ்க்குக்கு பதிலா அதோட கான்ஃபிக்லயே கிரியேட் மாஸ்க் 0660, டைரக்டரி மாஸ்க் 2770ன்னு எழுதிட்டா போதும். ஒரே ஃபோல்டருக்கு ரெண்டு மூணு குரூப் வேணும்னா மூணு பங்கு பத்தாது, ஏசிஎல் (விண்டோஸ்ல பாத்த மாதிரி வரி வரியா எழுதற லிஸ்ட்) போகணும், நாஸ் பாக்ஸ்ல அதுக்கு அழகா ஸ்க்ரீனே இருக்கும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்டா, 1975லயே சால்ட்சர், ஷ்ரோடர்னு ரெண்டு பேர் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பத்தி எழுதின பேப்பர்ல ஒரு விஷயத்தை அழுத்தி வெச்சாங்க, ஒரு வேலை செய்ய எவ்வளவு உரிமை வேணுமோ அவ்வளவு மட்டும் இருக்கட்டும்னு. 2013ல கிரிப்டோலாக்கர்னு ஒரு ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டு பணம் கேக்கற வைரஸ்) வந்துச்சு, அது மாட்டின கம்ப்யூட்டர்ல மட்டும் நிக்கல, அந்தக் கம்ப்யூட்டர்ல மேப் ஆகியிருந்த நெட்வொர்க் டிரைவுக்குள்ளயும் போயி ஃபைலை எல்லாம் பூட்டுச்சு. அந்த மாதிரி ஒண்ணு நம்ம ஷிப்பிங் சீட்ல மாட்டுதுன்னு வைங்க, அந்த யூசர் எங்க எழுத முடியுமோ அங்க வரைக்கும்தான் அதோட கை நீளும். எல்லாருக்கும் எல்லாம் குடுத்த சர்வர்ல ஒரு தப்பான அட்டாச்மென்ட் கிளிக் மொத்த ஆபீஸையும் நிறுத்தும், குரூப் ஒழுங்கா இருந்தா ஷிப்பிங்கும் பொதுவும் மட்டும் போகும், பேக்கப்லேர்ந்து மதியத்துக்குள்ள எடுத்துடலாம்.

அந்த திருப்பூர் கம்பெனிக்கு வருவோம். மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்தோம். ஒவ்வொரு டிபார்ட்மென்ட் ஹெட்டையும் கூப்பிட்டு உங்க ஃபோல்டர் யாருக்கு வேணும்னு பேப்பர்ல எழுதி வாங்கினேன், ஏன்னா சமையல் ஆள் யாருன்னு சொல்ல வேண்டியவர் மாஸ்டர், வாசல்ல நிக்கற நான் இல்ல. அதை குரூப்பா போட்டு, ஃபோல்டர்ல இருந்த ஆள் பேரையும் அனாதையா நின்ன நம்பரையும் எல்லாம் எடுத்துட்டு, ஏழு ஃபோல்டர்ல பதினாலு குரூப் மட்டும் வெச்சோம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை குரூப் மெம்பர் லிஸ்டை பிரிண்ட் எடுத்து ஹெட்டுங்ககிட்ட குடுக்கறேன், போன ஆளுங்க பேரை அடிச்சிட்டு கையெழுத்துப் போட்டுத் தருவாங்க.

போன மாசம் மெர்ச்சன்டைசிங்ல இருந்த ஒரு தங்கச்சி ஹெச்ஆருக்கு மாறினாங்க. ரோல்-மெர்ச்சன்ட்லேர்ந்து எடுத்தேன், ரோல்-ஹெச்ஆர்ல சேர்த்தேன், "ஒரு தடவை லாக் ஆஃப் பண்ணிட்டு வாம்மா"ன்னு சொன்னேன். காஸ்டிங் அவங்க ஸ்க்ரீன்லேர்ந்து மறைஞ்சுது, ஹெச்ஆர் வந்துச்சு, எந்த ஃபோல்டரையும் நான் தொடல.